சேரன்மாதேவியில் இரண்டு பந்தி

சேரன்மாதேவிக்குச் சோற்றுக் கதை இரண்டு உண்டு. ஒன்று 1920களில் நடந்தது. தமிழ்நாட்டுக் காங்கிரசுக்குள் பெரிய விரிசலை உண்டாக்கியது. மற்றது 1950களில் அந்த ஊர் ரயில்வே கேட்டில் நடந்ததாகச் சொல்லப்படுவது; பள்ளிக்கூடச் சோறே அங்கேதான் பிறந்தது என்று எங்கள் பக்கத்தில் நம்புகிறார்கள். இரண்டு கதையிலும் பெரிய பெரிய தலைவர்கள் வருகிறார்கள். ஆனால் இரண்டிலும் முதலில் வாய் திறந்தவர்கள் பையன்கள்தான். வரலாறு எழுதுகிறவர்கள் அந்தப் பையன்களை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நான் தாமிரபரணிக் கரையில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பதிமூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டே காலம் போயிற்று. அதனால் எனக்கு அந்தப் பையன்கள்தான் முக்கியம்.

முதல் கதை வ.வே.சு. ஐயருடையது. லண்டனுக்குப் பாரிஸ்டர் படிக்கப் போய்ப் புரட்சிக்காரராகி, புதுச்சேரியில் தலைமறைவாக இருந்து, 1920இல் தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர். குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். ‘குளத்தங்கரை அரசமரம்’ எழுதியவர். வெள்ளைக்காரன் கல்வி குமாஸ்தாவைத்தான் உண்டாக்கும், நம் பிள்ளைகளுக்குத் தமிழும் கைத்தொழிலும் உடற்பயிற்சியும் தேசப்பற்றும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்று 1922இல் ஒரு குருகுலம் தொடங்கினார். அது சேரன்மாதேவியில் நடந்தது. ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டினார். காங்கிரஸ் கமிட்டியும் 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு முதலில் 5,000 கொடுத்தது. பிராமணர் அல்லாதவர்களும் தாராளமாகக் கொடுத்தார்கள். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் படித்தார்கள். சாப்பிடும்போது மட்டும் இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனி இடம். அவர்களுடைய பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள், ஐயர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

இது எப்படி வெளியே வந்தது? பின்னாளில் சென்னை மாகாண முதல்வரான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தான் என்றும், அவன்தான் தகப்பனாரிடம் போய்ச் சொன்னான் என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. ரெட்டியார் ஏழை இல்லை. நிலபுலம் உள்ள குடும்பம். வீட்டில் அந்தப் பையனை யாரும் தள்ளி உட்கார வைத்திருக்க மாட்டார்கள். தள்ளி உட்காருவது என்றால் என்ன என்று அவன் தெரிந்துகொண்டது தேசபக்தி கற்பிக்கும் பள்ளியில்தான்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். டாக்டர் வரதராஜுலு நாயுடு தமது ‘தமிழ்நாடு’ பத்திரிகையில் விடாமல் எழுதினார். ஈ.வெ.ரா. மீதிப் பணத்தைத் தர மறுத்தார். காந்தி வந்து, இப்போது இருக்கிற பையன்களுக்கு ஐயர் கொடுத்த வாக்கு நிற்கட்டும், இனிமேல் சேருகிறவர்களுக்குத் தனிப்பந்தி கூடாது என்று நடுவழி சொன்னார். அது யாருக்கும் போதவில்லை. 1925இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி, பிறப்பைக் கொண்டு உயர்வு தாழ்வு பார்க்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. ராஜாஜி உள்ளிட்ட சிலர் கமிட்டியிலிருந்து விலகினார்கள். ஐயர் குருகுலப் பொறுப்பை விட்டார். அந்த ஜூன் மாதமே பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் அவரும் மாண்டார். நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் மறுக்கப்பட்டதும் ஈ.வெ.ரா. காங்கிரசை விட்டு வெளியேறினார்.

இதில் எனக்கு நெடுநாளாக ஒரு கேள்வி. தனியே உட்கார்ந்து சாப்பிட்ட அந்த இரண்டு பையன்கள் என்ன நினைத்திருப்பார்கள்? அவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் கெட்ட பிள்ளைகளாக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. வீட்டில் இருந்த வழக்கம் இங்கேயும் இருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்திருப்பார்கள். இலையில் விழுவது எப்போதும்போல் விழுந்துகொண்டிருந்தால் அடுத்த இலையை எட்டிப் பார்க்க எந்தப் பிள்ளைக்கும் தோன்றாது.

இது என் ஊகம் மட்டும் இல்லை. 2015இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. கனடா, அமெரிக்கா, மெக்சிகோ, பெரு, செனகல், உகாண்டா, இந்தியா என ஏழு நாடுகள். நான்கிலிருந்து பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகள். இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து மிட்டாயைப் பங்கு வைப்பார்கள். ஒரு பிள்ளை கையில் முடிவு. ‘சரி’ என்றால் இருவருக்கும் அந்தப் பங்கு. ‘வேண்டாம்’ என்றால் இருவருக்கும் ஒன்றும் இல்லை. தனக்குக் குறைத்து வைத்தால், தனக்குக் கிடைக்கிற கொஞ்சமும் போனாலும் பரவாயில்லை என்று மறுப்பது ஏழு நாட்டிலும் இருந்தது. தனக்குக் கூட்டி வைத்தபோது மறுத்தவர்கள் மூன்றே நாடுகளில்: அமெரிக்கா, கனடா, உகாண்டா. அங்கேயும் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள்தான். குறைத்தால் வருகிற கோபம் தானாக வந்துவிடுகிறது. கூடக் கிடைத்தால் வர வேண்டிய கூச்சத்தை ஊர்தான் வளர்க்க வேண்டும். சேரன்மாதேவிப் பையன்களை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் விளக்கியதில்லை.

குருகுலத்துக்கு இரண்டு ஆண்டு முன்பே சென்னையில் வேறொரு பந்தி ஆரம்பித்திருந்தது. 1920இல், பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது தீர்மானம். பள்ளிக்கு வருகிறவர்கள் கூடினார்கள்; வேறு சில பள்ளிகளுக்கும் பரவியது. கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவழிக்கக் கூடாது என்று அரசு சொல்லி 1925இல் அதை நிறுத்திவிட்டது. சேரன்மாதேவியில் ஒரு பந்திக்காகக் கட்சியே இரண்டுபட்ட அதே ஆண்டில், சென்னையில் ஏழைப் பிள்ளைகளின் பந்தி சத்தமில்லாமல் எழுப்பப்பட்டது. முதலாவதைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக இருக்கிறது. இரண்டாவது நடந்தது கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு. அதற்காக யாரும் மாநாடு போடவில்லை.

இனி இரண்டாவது கதை. முதலமைச்சர் காமராஜரின் கார் சேரன்மாதேவி ரயில்வே கேட்டில் நின்றது. அந்த நேரத்தில் ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களைக் கூப்பிட்டு ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று கேட்டார். போனால் சோறு யார் போடுவார் என்று ஒருவன் திருப்பிக் கேட்டானாம். நடந்ததோ இல்லையோ, ஊர் இந்தக் கதையை எழுபது வருடமாகக் காப்பாற்றி வருகிறது. அந்தப் பையன் கெஞ்சவில்லை என்பதுதான் கதையின் உயிர். நீ கேட்கிறாய், நானும் கேட்கிறேன் என்று கணக்குப் பேசினான்.

1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்க் கையேந்தினார். அறுவடைக்கு நெல், சந்தைக்குக் காய்கறி, பிடியரிசி என்று ஊர்க்காரர்கள் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அரசு மானியம் வந்தது. ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு. 6 காசு அரசு, 4 காசு ஊர். 1961இலிருந்து ‘கேர்’ நிறுவனத்தின் உதவியாக அமெரிக்கப் பால்பவுடரும் கோதுமை ரவையும் எண்ணெயும் வந்தன.

அந்தப் பந்தியை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அப்பாவுக்கு விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை. சம்பளம் மாதம் தவறாது. நான் தூக்குச்சட்டியில் புளிச்சோறு கொண்டுபோவேன். அப்போது சோறு எல்லோருக்கும் இல்லை, ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும். யார் ஏழை என்று வாத்தியார் பட்டியல் எழுதுவார். மணியடிக்கும் முன் பெயர் வாசிப்பார்கள். எனக்கு அது பெயர் வாசிப்பு. என் பக்கத்தில் இருந்தவளுக்கு அப்படி இல்லை. தன் பெயரின் முதல் எழுத்து வந்ததுமே எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள், முழுப் பெயரும் காதில் விழாதபடி. கோதுமை உப்புமா மணம் வகுப்பெல்லாம் வரும். எனக்கும் ஆசையாக இருக்கும். ஆனால் அதை அவளிடம் சொன்ன ஒரு நாள், அவள் சண்டைக்கு வந்துவிட்டாள். “ஒனக்கு ஆசை. எனக்குப் பசி” என்றாள். நாலாம் வகுப்புப் பிள்ளை.

பட்டியல் வாசிக்கிற வழக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. இங்கிலாந்தில் 1906இலேயே ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் உணவு தரச் சட்டம் வந்தது. அமெரிக்காவில் 1946இல் தேசியச் சட்டம். இலவசமாகச் சாப்பிடுகிற பிள்ளையைத் தனி டிக்கெட், தனி வில்லை, பெயர்ப்பட்டியல் என்று அடையாளம் காட்டுவது அங்கேயும் நடந்தது. அதைக் கூடாது என்று தடுக்க 1970இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. பின்லாந்துக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 1948இலிருந்து பள்ளிக்கு வருகிற அத்தனை பிள்ளைக்கும் சோறு, முதலாளி பிள்ளையானாலும். பட்டியல் என்ற பேச்சே இல்லை. ஏழைக்கு மட்டும் கொடுத்தால் செலவு குறையும். எல்லோருக்கும் கொடுத்தால் வாசலுக்கு ஓடுகிற பிள்ளை இருக்க மாட்டாள்.

1982 ஜூலை 1இல் திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது பட்டியல் போயிற்று. பள்ளியில் படிக்கிற பிள்ளை, சாப்பிட விருப்பம், இரண்டும் போதும். முதலில் சின்னப் பிள்ளைகளுக்கு. 1984இல் பத்தாம் வகுப்பு வரை நீட்டினார்கள். அப்போதுதான் எனக்கு வேலை கிடைத்தது. கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு முன்னுரிமை இருந்தது. சமையலர் ஒருவர், உதவியாளர் ஒருவர், நான். ஓடு வேய்ந்த கூடம், விறகு அடுப்பு, கண்ணெல்லாம் புகை.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சோறு போடுவது எளிது. தட்டைத் தட்டிக்கொண்டு ஓடி வரும். எட்டாம் வகுப்பில் தட்டு பைக்குள் போய்விடும். அலுமினியத் தட்டு புத்தகத்தில் உரசிச் சத்தம் போடாமல் இருக்கத் துண்டு சுற்றிக் கொண்டுவருகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் வரிசைக்கே வர மாட்டார்கள். பசி இல்லாமல் இல்லை. டப்பா கொண்டுவருகிறவர்கள் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்காருவார்கள். தட்டுக்காரர்கள் கூடத்துத் தாழ்வாரத்தில். யாரும் பிரித்து உட்கார வைக்கவில்லை. ஐயருடைய குருகுலத்தில் பெற்றோர் கேட்டு நடந்தது இங்கே கேட்காமலே நடந்தது.

1989இல் முட்டை வந்தது. அப்போது இரண்டு வாரத்துக்கு ஒன்று. அந்த நாளில் மட்டும் வேப்பமரத்தடி காலியாகிவிடும். டப்பாக்காரர்களும் வரிசையில் வந்து நிற்பார்கள்: சோறு வேண்டாம், முட்டை மட்டும். ஒரு நாள் முட்டை குறைந்தது. வரிசையில் பின்னால் நின்ற தட்டுக்காரன் ஒருவன் கத்தினான்.

“டீச்சர், தெனமும் டப்பா கொண்டாந்து திங்கவனுக்கு முட்டை எதுக்கு?”

டப்பாக்காரன் விடவில்லை. நெல் வியாபாரி மகன், கெட்டிக்காரன். “நானும் இந்த ஸ்கூல்லதான படிக்கேன்? கவர்மென்ட் எல்லாருக்கும்னுதான சொல்லுது?”

“ஒங்க வீட்ல கோழி நிக்கில்லா?”

“நிக்கி. அதுக்கு?”

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒருவன் தேவையைப் பேசினான், இன்னொருவன் சமத்துவத்தைப் பேசினான். சின்ன வயதில் பெரியவர் சொன்னதே நியாயம், பிறகு ஆளுக்குச் சமமாய்ப் பங்கு, பன்னிரண்டு வயதையொட்டி அவரவர் நிலைமை பார்த்துப் பங்கு என்று பிள்ளைகளின் நியாயம் படிப்படியாக வளரும் என்று சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே 1932இல் எழுதியிருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகு அதைப் படித்தபோது எனக்கு அந்த முட்டைச் சண்டைதான் நினைவுக்கு வந்தது. எங்கள் வரிசையில் இரண்டு பேருக்கும் வயது ஒன்று. நெல் வியாபாரி மகன் சமத்துவத்தில் நின்றது அவன் படி ஏறாததால் அல்ல. அவனுக்கு வசதியான படி அது. தட்டுக்காரன் தேவையில் நின்றதும் அப்படியே.

வழக்கைத் தீர்த்தவள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அம்மாவோடு சேர்ந்து பீடி சுற்றுகிறவள். “டெய்லி சோறு வாங்குதவங்க பேரு நோட்ல இருக்குல்லா டீச்சர். அவங்களுக்கு மொதல்ல. மிஞ்சினா கேட்டவங்களுக்கு. முட்டை வேணும்னா நாளையிலேர்ந்து அவனும் சோறு வாங்கட்டும், பேரு எழுதுங்க” என்றாள். நெல் வியாபாரி மகன் வாயடைத்துப் போனான். அவளுக்கு இந்தச் சட்டப்புத்தி எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டியதில்லை. பீடிக்கடையில் கட்டைப் பிரித்து, சரியில்லை என்று ஒதுக்குவார்கள். ஒதுக்கிய பீடிக்குக் கூலி கிடையாது. ஆனால் அதைத் திருப்பியும் தர மாட்டார்கள். எது சரி, எது சரியில்லை என்பதற்கு அங்கே எழுதிய விதி ஒன்றும் இல்லை, கடைக்காரர் முகம்தான் விதி. அந்தத் திண்ணையில் வாரா வாரம் நின்றவளுக்கு நியாயம் என்றால் கருணை இல்லை, எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த விதி.

மறுநாள் நோட்டில் டப்பாக்காரர்கள் சிலர் பெயர் ஏறியது. முட்டைக்காகத்தான். ஆனால் பெயர் ஏறினால் சோற்றையும் வாங்க வேண்டும், வாங்கினால் தாழ்வாரத்தில் உட்கார வேண்டும். கொஞ்ச நாளில் தட்டைத் துண்டில் சுற்றுகிற பழக்கம் அந்த வகுப்பில் குறைந்தது. வாரம் ஐந்து முட்டை என்று 2010இல் ஆனபோது வரிசையில் யார் யார் என்று பார்த்துச் சொல்ல முடியாது. சீருடையும் ஒன்று, தட்டும் ஒன்று.

பெரியவர்கள் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. 2018இல் அவிநாசி அருகே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று பெற்றோர் தடுத்தார்கள். வழக்கு வரை போயிற்று. 2023இல் கரூர் மாவட்டத்தில் காலை உணவை அதே காரணம் சொல்லிச் சிலர் தடுத்தபோது ஆட்சியரே நேரில் போக வேண்டியிருந்தது. இரண்டு இடத்திலும் மறித்தவர்கள் பெற்றோர். சேரன்மாதேவியிலும் தனிப்பந்தி கேட்டவர்கள் பெற்றோர்தான். பிள்ளைகளுக்கு வரிசையில் இடம் பிடிப்பதுதான் கவலை. சாதி அதற்குப் பிறகு, வீட்டுக்குப் போன பிறகு.

ஆனால் இப்போது வேறொன்று நடந்துவிட்டது. நெல் வியாபாரி மகனுக்கு இன்று பிள்ளை இருந்தால் அது எங்கள் பள்ளியில் இருக்காது. மஞ்சள் வேன் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு மெட்ரிக் பள்ளிக்குப் போகிறது. 2010இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் வந்தது. உச்சநீதிமன்றம் வரை போய் 2011இல் புத்தகம் ஒன்றாயிற்று. பள்ளிக்கூடம் ஒன்றாகவில்லை. சத்துணவு வரிசையில் பட்டியல் கிடையாது. ஆனால் அந்தப் பள்ளியில் படிப்பதே பட்டியலில் இருப்பதுபோல ஆகிவிட்டது.

இதன் விளைவை என் வீட்டுத் திண்ணையிலேயே பார்க்கிறேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. தனியார் பள்ளியில் படிக்கிற என் தங்கை பேத்திக்கு அது பெரிய அநியாயம். “நான் மார்க் கூட எடுத்தாலும் எனக்கு சீட் இல்ல, கம்மியா எடுத்தவளுக்கு உண்டு. இது என்ன ஆச்சி நியாயம்?” என்கிறாள். எதிர்வீட்டுப் பெண் அரசுப் பள்ளி. அவள் சொல்கிறாள்: “நீ நீட் கோச்சிங்குக்கு எவ்வளவு கட்டுன? அதையும் மார்க்ல கழிக்கணும்லா?” இரண்டு பேரும் ஒரே தெரு, ஒரே வயது. இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் முட்டைச் சண்டையில் எதிராளியின் தட்டு கண்ணெதிரே இருந்தது. அவனுக்கு வீட்டில் கோழி இருக்கிறது, இவனுக்கு இல்லை என்பது வரிசைக்கே தெரியும். இந்தப் பெண்கள் இருவரும் ஒருவர் வகுப்பறையை மற்றவர் பார்த்ததே இல்லை. மார்க் மட்டும்தான் தெரிகிறது.

ஐயரின் குருகுலத்தில் இரண்டு பந்தி இருந்தது என்று நூறு வருடமாகப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனாலும் அங்கே இரண்டு பந்தியும் ஒரே வளாகத்தில் இருந்தன. அதனால்தான் ஒரு பையனுக்குக் கண்ணில் பட்டது, வீட்டில் போய்ச் சொன்னான், காங்கிரஸ் வரை போயிற்று. இன்று இரண்டு பந்தியும் இரண்டு பள்ளிக்கூடத்தில். பார்க்காத பந்தியைப் பற்றி எந்தப் பிள்ளையும் தகப்பனிடம் போய்ப் புகார் சொல்லாது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நியாயம் தெரியவில்லை என்று வாத்தியார்களும் பேச்சாளர்களும் வருத்தப்படுகிறார்கள், நீதிபோதனை வகுப்பு வேண்டும் என்கிறார்கள். என் அனுபவத்தில் அவர்களுக்கு நியாயம் நன்றாகவே தெரியும். ஆளுக்குப் பாதி தெரியும். குறைவாக வாங்குகிறவனுக்கு ஒரு பாதி, கூட வாங்குகிறவனுக்கு மறு பாதி. இரண்டு பாதியும் சந்திக்கிற இடமாகப் பள்ளிக்கூடம் கொஞ்ச காலம் இருந்தது. அதைத் திரும்ப அப்படி ஆக்க வேண்டுமானால் வசதியுள்ளவர்களின் பிள்ளைகள் அங்கே வந்தாக வேண்டும். கலெக்டர் பிள்ளை, வாத்தியார் பிள்ளை, சத்துணவு அமைப்பாளர் பிள்ளை உட்பட.